குதிரை எந்த நொடியில் கற்றுக்கொள்கிறது?



தமிழில் 'குதிரையைப் பழக்குவது' என்கிறோம். பக்கத்து வீட்டாரோடு பழகுவதற்கும், மாட்டை வண்டிக்குப் பழக்குவதற்கும் நமக்கு ஒரே வேர்ச்சொல்தான். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு நெடுங்காலமாக இருக்கும் சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'உடைப்பது' என்று வரும். உடைத்த குதிரை, உடைக்காத குதிரை, பாதி உடைத்த குதிரை என்று விற்பனை விளம்பரத்திலேயே போடுவார்கள். இது வெறும் சொல் வித்தியாசம் இல்லை. இரண்டு சொல்லுக்குப் பின்னாலும் இரண்டு வேறு செய்முறை இருக்கிறது. இந்த இதழின் பாடம் பழக்கும் முறையைப் பற்றியது. அதிலும் குதிரை எந்த நொடியில் கற்றுக்கொள்கிறது என்ற ஒரு கேள்வியைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறோம்.

நான் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டவுனில் வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் மனவாட்டு வட்டாரத்தில் 5 ஏக்கர் பண்ணை வீடு ஒன்றில் அறை எடுத்தேன். பண்ணை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். வீட்டுக்காரர் பிளம்பர், அவர் மனைவி பள்ளி ஆசிரியை, 11 வயதில் ஒரு மகள், மூன்று குதிரை, கொஞ்சம் கோழி. அவ்வளவுதான். காலையும் மாலையும் குதிரைச் சாணம் அள்ளினால் வாடகையில் பாதி கழியும். இரண்டு வருடமாக அள்ளிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒவ்வொரு போனிலும், "குதிரைக்குப் பின்னாடி மட்டும் போயிடாதம்மா" என்பார். அது பாதிதான் சரி. பின்னால் போக வேண்டியிருந்தால் ஒன்று மூன்று மீட்டர் தள்ளிப் போகணும், இல்லையென்றால் முதுகில் கை வைத்தபடி உடம்போடு ஒட்டிப் போகணும். ஒட்டி நின்றால் உதைக்கு வேகம் எடுக்க இடம் இருக்காது. இடைப்பட்ட தூரம்தான் ஆளைக் கொல்லும்.

மலையிலிருந்து வந்தவள்

மூன்றில் இளையவள் பெயர் பிஸ்கட். வீட்டுச் சிறுமி வைத்த பெயர். அவள் ஒரு கைமனவா காட்டுக்குதிரை.

மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தில் இருந்த பாலூட்டிகள், கடலில் வாழ்பவற்றை விட்டால், வௌவால் மட்டும்தான். முதல் குதிரைகள் 1814-ல் கப்பலில் வந்து இறங்கின. 1876-லேயே கைமனவா மலைப்பகுதியில் காட்டுக்குதிரைகள் திரிவதாகப் பதிவு இருக்கிறது. பண்ணைகளிலிருந்து தப்பியவை, அவிழ்த்துவிடப்பட்டவை, பின்னால் ராணுவ முகாமிலிருந்து போய்ச் சேர்ந்தவை எல்லாம் அங்கே கலந்து பெருகின. நடுவில் ரொம்பவே குறைந்து, 1979 கணக்கெடுப்பில் 174 மட்டும்தான் இருந்தன. 1981-ல் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். பாதுகாப்பு கிடைத்ததும் மளமளவென்று பெருகி 1994-ல் 1,500-ஐத் தாண்டிவிட்டன. இப்போது பிரச்சினை மறுபக்கம். குளம்பே படாமல் பரிணமித்த மலைப்புல்வெளி அது. வேறெங்கும் இல்லாத செடிகள் அங்கே மிதிபட்டு அழிய ஆரம்பித்தன. ஆகவே 1993 முதல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ஹெலிகாப்டரில் மந்தையை வளைத்து, உபரிக் குதிரைகளைப் பிடித்து வெளியேற்றுகிறது. மலையில் சுமார் 300 இருந்தால் போதும் என்பது இன்றைய இலக்கு.

பிடித்த குதிரைக்கு என்ன ஆகும்? யாராவது ஒரு வீட்டார் எழுதிக் கேட்டிருந்தால் லாரி ஏறி அந்த வீட்டுக்குப் போகும். யாரும் கேட்காவிட்டால் இறைச்சிக்கூடம். 

குதிரை கேட்பவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் வந்து, வேலி ஆளுயரத்துக்கு மேல் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது அனுபவம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். எடுத்துக்கொள்பவர்களில் நிறையப் பேர் எங்கள் வீட்டுக்காரர் மாதிரி நாலைந்து ஏக்கர்க்காரர்கள். இங்கேதான் பழக்கும் முறை உயிர்ப் பிரச்சினையாகிறது. காட்டுக்குதிரை ஒன்றைப் பத்திரமாகப் பழக்க முடிந்த வீடு, அடுத்த தடவை இன்னொன்றுக்கும் எழுதிப் போடும். அரண்டுபோன குதிரை ஒரு பிள்ளையை உதைத்துவிட்டால் அந்தக் குதிரையும் போகும், அந்த வீட்டின் துணிச்சலும் போகும்.

முதலில் வயிறு

"இவளுக்கு எப்போ பாடம் ஆரம்பிப்பீங்க?" என்று வந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "இவ வயிறு சரியா இருக்குன்னு தெரியட்டும்" என்றார். அப்போது விளையாட்டாகச் சொல்கிறார் என்று பட்டது. படித்துப் பார்த்தால் அதுதான் முதல் பாடம்.

நமக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் இரைப்பை மும்முரமாக வேலை செய்யும். குதிரைக்கு அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அதைச் சமன்படுத்துவது உமிழ்நீர். ஒரு நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் ஊறும். ஆனால் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். காட்டில் ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. லாயத்தில் அடைத்துக் காலையும் மாலையும் தானியம் வைத்தால்? இரண்டு வேளைக்கும் நடுவில் அமிலம் இரைப்பைச் சுவரை அரிக்கும். புண் வரும். புண் வந்த குதிரை சேணத்தை இறுக்கும்போது கடிக்கும், காலைத் தூக்கும், வேலிக் கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும். 'கெட்ட குணம்' என்று பெயர் வாங்கும். வயிற்றெரிச்சலோடு இருக்கும் ஒருவரை உட்காரவைத்து கால்குலஸ் நடத்திப் பாருங்கள், அவர் குணம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வரணும். 'கோலிக்' என்கிற வயிற்றுப்பிடிப்பு அதனால்தான் அவ்வளவு ஆபத்து. தீவனத்தைத் திடீரென்று மாற்றக்கூடாது என்பது அங்கே கடவுள் வாக்கு மாதிரி.

ஆக, இயற்கை முறையில் வளர்ப்பது என்றால் அவிழ்த்துவிட்டு மறந்துவிடுவது இல்லை. நார்த்தீனி எப்போதும் வாய்க்கு எட்ட வேண்டும், இன்னொரு குதிரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், நடப்பதற்கு இடம் வேண்டும். இந்த மூன்றையும் 5 ஏக்கரில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் கணக்கு.

இதில் விசித்திரம், நியூசிலாந்தின் பச்சைப்பசேல் புல்லே குதிரைக்கு எதிரி. பால்மாட்டுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ரை புல்லும் குளோவரும் அது. சர்க்கரை அதிகம். மலையில் முரட்டுப் புல்லைத் தின்று வாழ்ந்த உடம்புக்கு அது தினம் தினம் கேக் சாப்பிடுவது போல. அதிகச் சர்க்கரை குதிரைக்குக் காலில் வந்து நிற்கும். குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிய்ந்துபோகும். லாமினைட்டிஸ் என்று பெயர். முற்றினால் எலும்பே குளம்புக்குள் சாய்ந்துவிடும். குதிரை நிற்க முடியாமல் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்கும். பார்க்கவே சகிக்காது. எங்கள் வீட்டில் பட்டன் என்ற குண்டுப் போனி ஒருவன் இருக்கிறான், அந்த நோய் ஒருமுறை வந்து தப்பியவன். அவனை மேய விடுவது விடியலில், 10 மணிக்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம். வெயிலில் நாள் முழுக்க புல் சர்க்கரையைத் தயாரித்துச் சேர்க்கும், இரவில் அதைச் செலவழித்துவிடும் என்பதால் விடியலில்தான் சர்க்கரை குறைவு. உறைபனி விழுந்த காலையில் அந்தக் கணக்கு செல்லாது. குளிரில் புல் வளராமல் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அன்றைக்குப் பட்டனுக்குத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை கழிந்த காய்ந்த புல்தான்.

நடப்பதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நிலத்தின் வேலியை ஒட்டி உள்பக்கமாக இன்னொரு மின்வேலி போட்டு, நாலு மீட்டர் அகலத்தில் சுற்றிவர ஒரு பாதை ஆக்கிவிட்டார்கள். நடுவில் உள்ள புல்லை வளரவிட்டுக் காயவைத்துக்கொள்வது. பாதையில் ஒரு மூலையில் தண்ணீர், எதிர் மூலையில் உப்புக்கட்டி, காய்ந்த புல் அங்கங்கே வலையில். 5 ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 142 மீட்டர், ஒரு சுற்று 500 மீட்டருக்கு மேல் வரும். அடைத்து வைத்தால் நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்கும் குதிரைகள், தின்னவும் குடிக்கவும் தாமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. செலவு கம்பிக்கும் கம்பத்துக்கும் மட்டும்தான். இன்ஜினியரிங் மாணவியாக எனக்கு இதைவிட அழகான டிசைன் அந்தப் பண்ணையில் வேறு தெரியவில்லை.

துணை என்ற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கனவு காணும் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். மந்தையில் ஒன்று படுக்கும்போது இன்னொன்று நின்று காவல் காக்கும். தனியாக இருக்கும் குதிரை பயத்தில் படுக்காமலே நாட்களைத் தள்ளும். ஒற்றைக் குதிரை வளர்ப்பது, எவ்வளவு அன்பாக வளர்த்தாலும், என் பார்வையில் கொடுமைதான்.

அழுத்துவதும் விடுவதும்

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

பிஸ்கட் லாரியிலிருந்து இறங்கியபோது வயது இரண்டு. ஆளுயர மரவேலிக்குள் விட்டு, பக்கத்துப் பட்டியில் 22 வயதுக் கிழட்டுப் பெட்டைக் குதிரையை நிறுத்தினார்கள் (அவளை நான் 'பாட்டி' என்று கூப்பிடுவேன்). முதல் வாரம் யாரும் தொடவில்லை. தண்ணீரும் புல்லும் வைக்கப் போவோம், வருவோம். என் வேலை, உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவள் பக்கம் முகத்தைத் திருப்பாமல் தெர்மோடைனமிக்ஸ் நோட்ஸ் படிப்பது. உண்மையிலேயே அதுதான் வேலை. குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும்தான் மறைவு. நான் பார்க்காவிட்டாலும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு வருவது புலி. புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது புலியாக இருக்க முடியாது.

பிறகு, நெருங்குவதும் விலகுவதும். வீட்டுக்கார அம்மா ஒரு அடி எடுத்து வைப்பார். பிஸ்கட்டின் காது விறைக்கும், கழுத்து உயரும். அவர் அங்கேயே நிற்பார். முன்னேயும் போக மாட்டார், பின்னேயும் வர மாட்டார். பிஸ்கட் மூச்சை விட்டு, ஒரு காதைத் தளர்த்தியதும் உடனே இரண்டு அடி பின்வாங்குவார். இப்படி ஒரு நாளைக்கு 15 நிமிடம். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். நடந்தது இதுதான்: 'நான் ஓடினால் இவர் போவதில்லை, நான் தளர்ந்தால் இவர் போகிறார்' என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

இதைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். அழுத்தம் குதிரைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அழுத்தம் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அழுத்தம் நீங்கும் நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோமோ, அதைத்தான் குதிரை பதில் என்று எடுத்துக்கொள்கிறது. உளவியலில் இதற்கு நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்று பெயர். நெகட்டிவ் என்றதும் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே அதற்குக் 'கழித்தல்' என்றுதான் பொருள்.

தலைக்கயிறு மாட்டிய பிறகு இது இன்னும் தெளிவாகத் தெரியும். கயிற்றை லேசாக முன்னால் பிடிக்கிறோம், இழுப்பது இல்லை, 'வா' என்று கேட்கும் அளவுக்கு. குதிரை உடம்பின் எடையை முன்னங்காலுக்கு மாற்றினாலே போதும், அடி வைக்கக்கூட வேண்டாம். உடனே கயிறு தொங்க வேண்டும். வீட்டுச் சிறுமி முதலில் செய்தபோது, பிஸ்கட் ஒரு அடி வைத்த சந்தோஷத்தில் "வந்துட்டா! வந்துட்டா!" என்று கத்திக்கொண்டே கயிற்றை விடாமல் பிடித்திருந்தாள். மூன்று வினாடி. அதற்குள் பிஸ்கட், 'அடி வைத்தும் இது போகவில்லையே' என்று தலையைத் தூக்கி உதறினாள். பயந்துபோன சிறுமி கயிற்றை விட்டுவிட்டாள். அன்றைக்கு பிஸ்கட் கற்றது: தலையை உதறினால் கயிறு தளரும். அந்தப் பாடத்தை அழிக்க ஒன்பது நாள் ஆனது. குதிரை உதறும்போது விடாமல், ஆனால் அதிகமாகவும் இழுக்காமல், அதே அளவு பிடியோடு கூடவே நகர்ந்து, அது நின்று தளர்ந்த நொடியில் விடணும். சொல்லும்போது சுலபம். செய்யும்போது உள்ளங்கை வேர்த்துவிடும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய கதையாகத் தெரியும். பின்னூட்டச் சுற்றில் தாமதம் அதிகமானால், எவ்வளவு நல்ல கன்ட்ரோலராக இருந்தாலும் அமைப்பு ஊசலாட ஆரம்பிக்கும். ஷவரில் சுடுதண்ணீர் வரத் தாமதமாகும்போது குழாயை அதிகமாகத் திருப்பிவிட்டு, பிறகு சுட்டதும் எதிர்ப்பக்கம் திருப்புவோமே, அதே கதை. இங்கே அந்தத் தாமதம் நம் கையில்தான் இருக்கிறது. அரை வினாடியில் விடத் தெரிந்தவருக்கு ஒரு விரல் அழுத்தம் போதும். மூன்று வினாடி தாமதிப்பவருக்கு எத்தனை முரட்டுக் கடிவாளம் போட்டாலும் போதாது. முரட்டுக் கடிவாளங்கள் கடையில் இத்தனை வகை இருப்பதற்குக் காரணமே தாமதமான கைகள்தான் என்பது என் கணிப்பு.

கட உபநிடதத்தின் தேர் உவமையை நம்மில் பலர் வகுப்பில் கேட்டிருப்போம். உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கடிவாளத்தை இறுக்கி இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு படம்தான் மனதில் வரும், காலண்டர் படம் மாதிரி. எப்போதும் இறுகிய கடிவாளம் குதிரைக்குச் சத்தம் நிற்காத ரேடியோ. சில நாளில் அது கேட்பதையே நிறுத்திவிடும், வாய் மரத்துவிடும். தேரோட்டத் தெரிந்தவர் கை பெரும்பாலும் தளர்வாகத்தான் இருக்கும். இதை நம் வகுப்பில் ஒருநாள் பேசிப் பார்க்கலாம்.

தொடுவதற்கு மூங்கில். மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை எடுத்து, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் மெதுவாகச் சொறிந்துவிடுவது. கை நீளம் போதாத இடத்தில் மூங்கில் நம் கை. ஏன் அந்த மேடு? குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. 1993-ல் வெளியான ஓர் ஆய்வில் பிரான்ஸின் காமார்க் குதிரைகளை அந்த இடத்தில் சொறிந்தபோது இதயத்துடிப்பு குறைவது அளந்து காட்டப்பட்டது. வேறு இடத்தில் சொறிந்தபோது அப்படி இல்லை. நெற்றியில் தட்டிக் கொஞ்சுவது நமக்குப் பிடித்திருக்கலாம், அதற்கு இல்லை. பிஸ்கட் 19-ஆம் நாள் மேலுதட்டை நீட்டிக் கோணலாக முறுக்கினாள். சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து மூங்கிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்துக்கொண்டே வந்து, ஒருநாள் கையே போய்ச் சேர்ந்தது. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் தனியாகக் காட்ட வேண்டியிருந்தது.

குளம்புதான் பெரிய பரீட்சை. மலையில் கல்லில் நடந்து தானாகத் தேய்ந்த குளம்பு, பண்ணையின் மெத்துமெத்தென்ற மண்ணில் தேயாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அரம் போட்டாக வேண்டும். பொறுமையாகப் போகலாம் என்று நாம் நினைத்தாலும் குளம்பு பொறுக்காது. ஓடுவதற்கு இருக்கும் நாலு காலில் ஒன்றை நம் கையில் கொடு என்று கேட்பது, ஓடித்தான் உயிர் பிழைக்க முடியும் என்று நம்பும் பிராணியிடம் கேட்கக்கூடிய ஆகப் பெரிய கேள்வி. காலில் கையை வைத்து, அது எடையை மாற்றியதும் எடுத்துவிடுவது. அடுத்து ஒரு நொடி தூக்கிக் கீழே வைப்பது, அது இழுப்பதற்கு முன்பே. 51-ஆம் நாள் முன்னங்கால் இரண்டையும் குளம்பு சீவுகிறவர் அரம் போட்டார். நடுநடுவே இருபது தடவை இறக்கி வைத்துத்தான். பின்னங்காலுக்கு அவர், "இன்னிக்கு வேணாம்" என்று பையை மூடிவிட்டார். அரை நாள் கூலி கொடுத்து அரை வேலை. வீட்டுக்காரர் பணத்தை எடுத்துக் கொடுத்தபோது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பின்னங்கால்களுக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

'இயற்கை' என்று விற்பவை

இந்த முறை புதுசு இல்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைவீரர் செனஃபோன் குதிரை பழக்குவது பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்பது அதில் அவர் வலியுறுத்தும் விஷயம். நம் பக்கம் குதிரை மருத்துவம் என்றால் சாலிஹோத்திரர் பெயரைச் சொல்வார்கள். விராட மன்னன் அரண்மனையில் ஒளிந்திருந்த வருடம் நகுலன் ஏற்றது குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். நம் காலத்தில் இதைத் திரும்பப் பிரபலமாக்கியவர்கள் அமெரிக்க மேற்குப் பகுதியின் பண்ணைக்காரர்கள்: டாம் டோரன்ஸ், அவரிடம் கற்ற ரே ஹன்ட், பிறகு பக் பிரானமன். 1998-ல் வந்த 'தி ஹார்ஸ் விஸ்பரர்' படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் பிரானமன்.

படம் ஓடியதும் 'இயற்கை முறை' ஒரு வியாபாரமும் ஆகிவிட்டது. விசேஷக் கயிறு, விசேஷக் கோல், லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று சான்றிதழ். சாதாரண மூங்கிலும் பருத்திக் கயிறும் செய்யும் வேலையை அவை கூடுதலாக ஒன்றும் செய்வதில்லை. அதோடு, குதிரை நம்மைத் 'தலைவனாக' ஏற்கிறது என்று ஒரு கதையும் சேர்த்துச் சொல்வார்கள். மான்டி ராபர்ட்ஸ் பிரபலப்படுத்திய 'ஜாயின்-அப்' முறையில், வட்டப் பட்டியில் குதிரையைச் சுற்றி ஓடவிட்டு, அது தளர்ந்ததும் நாம் திரும்பிக்கொண்டால், அது நம் பின்னாலேயே வந்து நிற்கும். பார்த்தால் கண் கலங்கும். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, மனிதனுக்குப் பதில் ஒரு ரிமோட் கன்ட்ரோல் காரை வைத்துக் குதிரையை ஓட்டி, தளர்ந்ததும் காரை நிறுத்தினார்கள். குதிரை காரின் பின்னாலேயே போனது! கார் மந்தைத் தலைவன் ஆகிவிட்டதா என்ன? அழுத்தம் எப்போது நிற்கிறது என்று குதிரை பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே 'மென்மையான' முறை என்ற பெயரிலும் ஒரு குதிரையை மூச்சு வாங்கும்வரை விரட்டலாம். பெயரைப் பார்க்காதீர்கள், குதிரையின் காதையும் மூக்குத் துவாரத்தையும் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கம்பத்தில் கட்டிப்போட்டு, சாக்கை மேலே மேலே வீசி, அது துள்ளித் துள்ளி ஓய்ந்துபோகும்வரை விடாமல் செய்வது பழைய 'உடைக்கும்' முறை. ஓய்ந்த குதிரை அசையாமல் நிற்கும். வாங்க வருபவர், "எவ்வளவு சாது!" என்பார். அது சாது இல்லை. எதைச் செய்தாலும் பயன் இல்லை என்று கற்றுக்கொண்ட குதிரை அது. கண் ஓரிடத்தில் குத்திட்டிருக்கும், காது எதற்கும் திரும்பாது. பழகிய குதிரைக்குக் காது ரேடார் மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும். பேராக் மாநிலத் தோட்டத்தில் மாடு வைத்திருந்த என் தாத்தா, "வாயில்லாச் சீவன்னு யாரு சொன்னது, காதால பேசும்" என்பார். அவர் சொன்னது மாட்டைப் பற்றி. குதிரைக்கு அது இன்னும் பொருந்தும்.

நம் பக்கத்திலும் இதைப் பார்க்க இடம் உண்டு. சபாவின் கோத்தா பெலுட்டில் பஜாவ் மக்கள் தலைமுறைகளாகக் குட்டைக் குதிரைகளோடு வாழ்கிறார்கள். போனால் அலங்காரத்தைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், ஓட்டுபவரின் கையைப் பாருங்கள், கயிறு எப்போது தளர்கிறது என்று. சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. பந்தயத்திலிருந்து விலகும் குதிரைகளுக்கும் கைமனவா குதிரைகளைப் போல அடுத்த வீடு தேட வேண்டியிருக்கிறது. ஓட மட்டும் கற்ற குதிரைக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பது, காட்டுக்குதிரையைப் பழக்குவதைவிடச் சுலபம் என்று சொல்ல முடியாது.

பிஸ்கட்டுக்கு இப்போது மூன்றரை வயது. முதுகில் இன்னும் யாரும் ஏறவில்லை. முதுகெலும்பின் வளர்தட்டுகள் மூட 5 வயது தாண்டும், அதனால் அவசரம் இல்லை. இப்போதைக்குச் சிறுமியோடு கயிறு தொங்க ரோட்டோரம் நடந்து, தபால் பெட்டி வரை போய்த் திரும்புகிறாள். மந்தை பிடிப்பது வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில். வீட்டுக்காரர் இன்னொரு குதிரைக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதற்குள் இரண்டாவது பட்டிக்கு 40 பலகை அடிக்கணும். 26 முடிந்திருக்கிறது. மீதியை செமஸ்டர் லீவில் நானும் சேர்ந்து அடிக்கப் போகிறேன்.